தாலி கட்டேக்க பிளாஷ் நிண்டுபோச்சு: பிழை பற்றரியிலயோ சார்ஜரிலயோ?

2024 ஒக்ரோபர் 12, காலமை

மானிப்பாயில இருந்து ஒரு தம்பி கேட்டது. அப்பிடியே போடுறன்.

"அண்ணை, கலியாண வீடு, சாமத்திய வீடு எடுக்கத் தொடங்கியிருக்கிறன். பிளாஷுக்கு நாலு டபிள்-ஏ வேணும். கடையில 3800 எம்ஏஎச் எண்டு போட்ட சார்ஜ் பற்றரி கிடக்கு. எனலூப் எண்ட பேரில வாறதில 2000 எண்டுதான் போட்டிருக்கு, விலை மட்டும் மூண்டு மடங்கு. 3800 தானே கூடநேரம் நிக்கும்? சார்ஜர் எதெண்டாலும் பரவாயில்லையோ?"

2024 ஒக்ரோபர் 12, இரவு

வாங்காதையும். எம்ஏஎச் எண்டது பற்றரி எவ்வளவு மின் பிடிக்கும் எண்ட அளவு. சார்ஜ் பண்ணுற டபிள்-ஏ அனேகமா நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் எண்ட வகை, அதில டபிள்-ஏ உடம்புக்குள்ள நேர்மையா அடைக்கக்கூடியது 2500, மிஞ்சிப்போனா 2700. அதுக்கு மேல எழுதிக் கிடந்தா அது அச்சுக்கூடத்துக்காரர் ஏத்தின சார்ஜ்.

நம்பாட்டி நிறுத்துப் பாரும். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில ஆரையும் தெரியுமெண்டா ஒருக்கா அந்தத் தராசில வைக்கச் சொல்லும். எனலூப் ஒண்டு 26, 27 கிராம் வரும். உம்மட 3800 அதைவிட நல்லா லேசா இருந்தா, உள்ளுக்கு என்ன இருக்கெண்டு நான் சொல்லத் தேவையில்லை.

சார்ஜர்? பெட்டியோட வாறது காணும். அதுக்குக் காசு கொட்டாதையும்.

2024 ஒக்ரோபர் 13

எனலூப்புக்கு ஏன் அந்த விலை எண்டு சொல்லாமல் விட்டிட்டன். முந்தின நிக்கல் பற்றரியளை நிரப்பி அலுமாரிக்குள்ள வைச்சா தன்பாட்டில வடிஞ்சுபோகும். வெள்ளிக்கிழமை சார்ஜ் பண்ணினதை அடுத்த மாசம் எடுத்தா ஏமாத்தம்தான், எங்கட வெக்கைக்கு இன்னும் கெதி. சான்யோ 2005இல ஜப்பானில விட்ட எனலூப்தான் அந்த வடியலை அடக்கினது. பேந்து பனசோனிக் சான்யோவை வாங்க, பேரும் அவையோட போச்சு. 10 வருசம் சும்மா வைச்சாலும் 70 சதவீதம் மிஞ்சும், 2100 தரம் சார்ஜ் பண்ணலாம் எண்டு அவை சொல்லுகினம். 2100 தரம் எண்டு எண்ணிப் பாத்தவரை நான் இன்னும் சந்திக்கேல்லை.

கறுப்பு எனலூப் புரோ 2500 வரும், ஆனா 500 தரம்தான். எனக்கு வெள்ளை காணும்.

2024 ஒக்ரோபர் 20

"அல்கலைன் 1.5 வோல்ற், சார்ஜ் பற்றரி 1.2 தானே, பிளாஷ் மெதுவா ஏறாதோ?" எண்டு வல்வெட்டித்துறையில இருந்து ஒருத்தர். நேர்மாறு. அல்கலைனுக்கு உள்தடை கூட. பிளாஷ் ஒருக்கா இழுக்கேக்க சில அம்பியர் கேக்கும், அந்த இழுவைக்கு 1.5 எண்டது 1.1க்குக் கீழ குனிஞ்சிடும். நிக்கல் 1.2 எண்டாலும் குனியாது. மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் அல்கலைன் நல்லம், பிளாஷுக்கு இல்லை.

இன்னொண்டு. ரிகரில (தள்ளி நிக்கிற பிளாஷைக் கமராவில இருந்து அடிக்க வைக்கிற பெட்டி) புதுசா நிரப்பின பற்றரியைப் போட்டவுடன பாதிதான் இருக்கெண்டு காட்டினா பயப்பிட வேண்டாம். அது 1.5ஐ முழுசெண்டு நினைக்குது. சில கமராக் கிரிப்பில (கமராவுக்குக் கீழ பூட்டுற பற்றரிப் பிடி) பற்றரி வகை கேக்கும்: எல்ஆர்6 எண்டா அல்கலைன், எச்ஆர்6 எண்டா எங்கட நிக்கல். மாத்தி விடுங்கோ.

கணக்கும் ஒருக்காப் போட்டுப் பாத்தன். 1.2 வோல்ற்றை 2 அம்பியர் மணியால பெருக்க 2.4 வோட்-மணி. நாலுக்கு 9.6. ஜூலில 34,560. உச்சியில பொருத்துற பிளாஷ் ஒரு முழு அடிக்கு 70 ஜூல் எண்டு வைச்சு, பாதி சூடாப் போகுதெண்டு பிடிச்சா ஏறத்தாழ 250 முழு அடி. கலியாண வீட்டில நாங்கள் கால்வாசி, அரைக்கால்வாசியிலதான் அடிக்கிறது, அப்ப ஒரு செற் ஒரு முழு நாளுக்குக் காணும். கணக்குப்படி.

2024 நவம்பர் 10, நடுச்சாமம்

கணக்கு மண்ணாப்போச்சு.

2024 நவம்பர் 11

இப்ப ஆறுதலா எழுதுறன். நேற்று ஞாயிறு, மண்டபத்தில கலியாணம். 'அ' செற்றை (என்ர செற்றுகளுக்கு அ, ஆ, இ எண்டு மார்க்கரால எழுதி, ஒவ்வொரு பற்றரிக்கும் இலக்கமும் போட்டிருக்கிறன்) முதல்நாள் இரவு முழுக்கச் சார்ஜரில விட்டு, விடிய எடுத்துப் போட்டன். காலமை அறுவது, எழுவது படம். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், கெட்டிமேளம் தொடங்குது, அட்சதைக்குச் சனம் எழும்புது. நான் அமத்துறன். ஒண்டு அடிச்சுது. அடுத்ததுக்கு, பிளாஷ் ரெடி எண்டு காட்டுற சிவப்பு லைற் வரவே இல்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் இழுத்து இழுத்து, பிறகு அதுவும் இல்லை.

வீடியோக்காரத் தம்பியின்ர லைற் புண்ணியத்தில கமராவின்ர வெளிச்ச உணர்வைக் கூட்டி, ஐஎஸ்ஓ 3200இல மிச்சத்தை எடுத்தன். பொம்பிளையின்ர முகத்தில பாதி மஞ்சள், பாதி நிழல். தகப்பன் படத்தைப் பாத்திட்டு "கலைநயமா இருக்கு தம்பி" எண்டார். பகிடியா உண்மையா எண்டு இன்னும் விளங்கேல்லை.

இனி அந்தக் கொம்பனிப் பற்றரியின்ர பக்கமே போகமாட்டன். (எனலூப் இல்லை, வேறை. பேர் வேண்டாம்.)

2024 நவம்பர் 27

மழை விடுற மாதிரித் தெரியேல்லை. ஒழுங்கையில முழங்கால் தண்ணி, எடுத்த ஓர்டரெல்லாம் தள்ளிப்போச்சு. சிநேகிதன் ஒருத்தன்ர லீட்டோகாலா 500 சார்ஜர் முந்தியே வாங்கி வைச்சிருந்தன், இப்பதான் நேரம் வந்தது. அதில நாலு குழியும் தனித்தனி, ஒவ்வொரு பற்றரியையும் நிரப்பி, இறக்கி, திரும்ப நிரப்பி எவ்வளவு எண்டு எழுதிக் காட்டும்.

அ1: 1910. அ2: 1875. அ4: 1890. அ3: 640.

ஒரே ஒண்டு. பிளாஷுக்குள்ள நாலும் வரிசையா நிக்கிறதால ஒண்டு விழுந்தா மற்ற மூண்டும் பேசாமல் நிக்காது. சுவாமி காவேக்க ஒருத்தன் தடக்கி விழுந்தா சுவாமி நிக்கிறதில்லைத்தானே, மற்றவை அவனை மிதிச்சுக்கொண்டு போவினம். அதுதான் நடக்கிறது. வெறுமையான பற்றரிக்குள்ளால மற்ற மூண்டின்ர மின்னும் வலுக்கட்டாயமா ஓடி, அதின்ர முனையைத் தலைகீழாக்கி, மிச்ச உயிரையும் எடுத்துப்போடும்.

இப்ப நான் ஒக்ரோபர் 12 இரவு சொன்னதைத் திருப்பி வாங்கிறன். சார்ஜருக்குக் காசு குடுங்கோ. என்ர பெட்டிச் சார்ஜரில ரெண்டு பற்றரிக்கு ஒரு லைற். ரெண்டு போடலாம், நாலு போடலாம், மூண்டு போடேலாது. அ3 செத்துக்கொண்டு கிடந்தாலும் அ4ஓட சோடியா நிண்டு பச்சை காட்டினது. ஒவ்வொரு குழிக்கும் தனி லைற் இருக்கிற சார்ஜரா எண்டதைத்தான் முதல் பாக்கவேணும். திரை, இலக்கம் எல்லாம் பேந்து.

2024 நவம்பர் 28

இன்னும் மழை. அ3ஐ மூண்டு தரம் நிரப்பி இறக்கிப் பாத்தன். 640, 1120, 1480. எழும்பீட்டுது எண்டு சந்தோசப்பட்டன்.

2024 நவம்பர் 28, பின்னேரம்

எழும்பேல்லை. பிளாஷில போட்டா பத்தாவது அடியிலயே பழைய விசில். சார்ஜர் மெதுவா இறக்கி அளக்கிறதால 1480 எண்டு சொல்லுது, பிளாஷ் மெதுவாக் கேக்கிறதில்லை. ஒரு ஓம், 5 வோட் ரெசிஸ்ரர் ஒண்டை பற்றரிக்குக் குறுக்க பிடிச்சு மீற்றரால வோல்ற் பாத்தன். அ1 1.2க்குக் கிட்ட நிக்குது. அ3 0.9க்கு இறங்குது. இலக்கத்தை மட்டும் நம்பப்படாது, இழுவையில பாக்கவேணும். ரெசிஸ்ரர் கைசுடும், குறட்டால பிடிக்கவும்.

ஆறேழு பேர் "மெமரி எஃபெக்ட், முழுக்க இறக்கிச் சார்ஜ் பண்ணுங்கோ" எண்டு எழுதியிருந்தினம். பாதியில சார்ஜ் பண்ணினா பற்றரி அந்தப் பாதியையே முழுசெண்டு ஞாபகம் வைக்கும் எண்டது பழைய நிக்கல் கட்மியத்தின்ர கதை. இதுக்கு அந்த வருத்தம் மிகக் குறைவு, லித்தியத்துக்கு இல்லையெண்டே சொல்லலாம். லித்தியத்தை அடிக்கடி அடிமட்டம் வரைக்கும் இறக்கினா அது கெடுதல்தான்.

2024 டிசெம்பர் 2

குற்றவாளி பிடிபட்டான். கொம்பனியிட்ட மன்னிப்புக் கேக்கிறன், பேர் சொல்லாததால மனசுக்குள்ள.

அ3ஐக் கையில வைச்சு உருட்டிக்கொண்டு இருக்கேக்கதான் பாத்தன், அதில எழுதின 'அ' என்ர எழுத்தில்லை. சுழி மற்றப் பக்கம். அக்காவின்ர மகன், ரெண்டாம் வகுப்பு. விளையாட்டுக் காருக்கு என்ர நல்ல அ3ஐ எடுத்திட்டு, லாச்சிக்குள்ள கிடந்த அதே கொம்பனியின்ர பழங்காலப் பற்றரி ஒண்டில தானே 'அ3' எண்டு எழுதி வைச்சிருக்கிறான். ஏனடா எண்டு கேட்டா "மாமா தேடுவார் எண்டு" எண்டான். இவ்வளவு பொறுப்பு எனக்கு அந்த வயசில இருக்கேல்லை.

காரைக் கழட்டி உண்மையான அ3ஐ அளந்தன்: 1885.

அப்ப தலைப்புக் கேள்விக்கு விடை பற்றரியுமில்லை, சார்ஜருமில்லை, மருமோன் எண்டு அக்கா சொல்லுறா. நான் ஒத்துக்கொள்ளேல்லை. கள்ளப் பற்றரி உள்ளுக்கு வந்தது அவன்ர வேலை. வந்ததைப் பிடிக்காமல் பச்சை லைற் காட்டினது சார்ஜர்தான்.

கள்ள அ3 இப்ப எங்கட குசினிச் சுவர் மணிக்கூட்டில.

2024 டிசெம்பர் 29

அம்மா செய்த வேலை. அக்கறையோட மாடி மதிலில 'இ' செற் நாலையும் வரிசையா வெயிலில வைச்சிருக்கிறா. "சார்ஜ் இறங்கினதெண்டு சொன்னாய், அதுதான் காயவைச்சனான்."

சிரிக்கலாம், ஆனா அவவில பிழையில்லை. 90க்குப் பிறகு, போர்க்காலப் பொருளாதாரத் தடையில யாழ் குடாநாட்டுக்குள்ள பற்றரி வரப்படாது. ரோச் பற்றரி ஒண்டுக்கு இருந்த மதிப்பு பவுணுக்கு இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில படிச்சது எங்கட வயசுக்காரருக்குத் தெரியும். செத்த பற்றரியை ஓட்டில காயவைச்சா இன்னும் ஒரு செய்தி கேக்கலாம். அது உண்மையிலயே வேலை செய்தது, ஆனா சார்ஜ் ஏறினதால இல்லை. சூட்டுக்கு உள்ளுக்கு இருக்கிற இரசாயனம் கொஞ்சம் இளகி, மிஞ்சிக் கிடந்ததை வெளியால விட்டது. அவ்வளவுதான்.

இந்தக்காலப் பற்றரிக்கு வெயில் ஆகாது எண்டு விளங்கப்படுத்தினன். "அப்ப உதை வெயில் படாத இடத்தில வை" எண்டு குளிர்ப்பெட்டிக்குள்ள வைச்சிட்டா. எடுக்கேக்க தண்ணி பூத்து நிக்கும், அதுவும் கூடாது. இப்ப பழைய பிஸ்கற் ரின்னுக்குள்ள, பிளாஸ்ரிக் கூட்டில போட்டு, படுக்கையறையில.

2025 பெப்ரவரி 9

முழு இலங்கைக்கும் கரண்ட் இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஒண்டு பாஞ்சதாலயாம், அமைச்சரே சொல்லுறார். வீட்டில ஓடுறது ரெண்டு: நான் இதை எழுதுற போன், கள்ள அ3இன்ர மணிக்கூடு.

2025 பெப்ரவரி 12

குரங்கால ஒரு விசயம் விளங்கினது. ரெண்டு நாளா ஒன்றரை மணித்தியால வெட்டு வந்தது. பெட்டியோட வாற மலிவுச் சார்ஜருகளில கனக்க ரைமர்ச் சார்ஜர். பற்றரி நிரம்பினதைப் பாக்காது, 10 மணித்தியாலம் எண்டா 10 மணித்தியாலம். எட்டாவது மணியில கரண்ட் போய் வந்தா அதுக்குப் பழைய எட்டும் ஞாபகமில்லை, சுழியத்தில இருந்து திரும்ப 10. மெல்லிய மின் எண்டபடியா உடன கொல்லாது, வாட்டும். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டின நேரம் என்ர பழைய செற் எல்லாம் ஏன் ஒண்டா மண்டையைப் போட்டதெண்டு இப்பதான் யோசிக்கிறன். அப்ப நான் கரண்ட் வந்தவுடன ஓடிப்போய்ச் செருகினதைப் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனான்.

நல்ல சார்ஜர் பற்றரியின்ர வோல்ற்றைப் பாத்துக்கொண்டு நிக்கும். நிக்கல் நிரம்பினவுடன வோல்ற் உச்சிக்குப் போய் ஒரு துளி கீழ இறங்கும், அந்தத் துளியைக் கண்டு நிப்பாட்டும். இதில ஒரு சங்கடம்: மின் மிக மெல்லிசா ஏத்தினா அந்தத் துளி தெரியாமலே போயிடும். மெதுவாச் சார்ஜ் பண்ணினா நல்லம் எண்டு எல்லாரும் சொல்லுறது இந்தச் சார்ஜருகளுக்குப் பொருந்தாது. 2000 பற்றரிக்கு நான் 700க்கும் 1000 மில்லி அம்பியருக்கும் இடையில விடுறன். கடைசியில கைக்கு இளஞ்சூடு தெரியும். தொடேலாமல் சுட்டா கழட்டுங்கோ.

2025 பெப்ரவரி 13

சார்ஜர் சம்பந்தமா இன்னொரு துக்கக் கதை. ரொறன்ரோ மாமி போன வருசம் கொண்டுவந்து தந்த சார்ஜரை ஒரு பிளக் மாத்தியில செருகினன். ரெண்டு நிமிசத்தில கருகல் மணம். பின்னுக்குப் பாத்தா 120 வோல்ற் மட்டும். எங்கட சுவரில 230. "100–240" எண்டு எழுதியிருந்தா மட்டும் செருகுங்கோ. மாமிக்கு இன்னும் சொல்லேல்லை, "நல்லா வேலை செய்யுதோ?" எண்டு கேட்டா "ஓம் மாமி, ஒரே வெளிச்சம்" எண்டு சொல்லுறன்.

2025 மார்ச் 16

"ஏன் உந்த நாலு பற்றரிக் கரைச்சல், லித்தியம் பிளாஷ் வாங்குங்கோவன்" எண்டு எழுதுற எல்லாருக்கும்: வாங்கீட்டன். கொடொக்ஸ் வி860, ரெண்டாவது பதிப்பு, பாவிச்சது. 11.1 வோல்ற், 2000 எம்ஏஎச் பொதி, 650 முழு அடி எண்டு கொம்பனி சொல்லுது. ஏறுற வேகம் வேறை உலகம். வேகத்தில மயங்கி அடிச்சுக்கொண்டே போனா தலை சூடாகி அதுவே தன்னை மெதுவாக்கும், அது நல்லதுக்குத்தான்.

நாலு பற்றரிப் பிளாஷ் இப்ப ஸ்ராண்டில, பின்வெளிச்சத்துக்கு. விக்கமாட்டன். போனமுறை நெடுந்தீவில இரவு தங்கேக்க பொதி இறங்கினா என்ன செய்திருப்பன்? டபிள்-ஏ எண்டா அங்க பெட்டிக்கடையிலயும் அல்கலைன் கிடைக்கும், மெதுவாயெண்டாலும் அடிக்கும். குறிகட்டுவானுக்கு விடியப் படகு வாறவரைக்கும் லித்தியப் பொதிக்கு ஆரும் மாற்றுத் தரமாட்டினம்.

2025 மார்ச் 18

அவசரமா ஒண்டு. டபிள்-ஏ அளவிலயே 14500 எண்டு ஒரு லித்தியப் பற்றரி வருது, 3.7 வோல்ற். ரோச்லைற்றுக்கானது. ஒரு கடைத் தட்டில ரெண்டையும் கலந்து வைச்சிருந்ததைக் கண்ணால கண்டன். நாலைப் பிளாஷில போட்டா 6 வோல்ற் எதிர்பாக்கிறதுக்குள்ள 14.8 போகும். பிளாஷுக்கு அதுதான் கடைசி அடி.

யூஎஸ்பி ஓட்டை வைச்ச 1.5 வோல்ற் லித்தியம் அது இல்லை, அது வேறை. அதுக்குள்ள வோல்ற் குறைக்கிற சின்னச் சேர்கிற் இருக்கு. கடைசிவரைக்கும் 1.5 காட்டி, திடீரெண்டு பூச்சியம். முன்னறிவித்தல் இல்லை. ரிகருக்குப் போட்டிருக்கிறன், நல்லம். தாலி கட்டுக்குப் போடுற துணிவு எனக்கில்லை.

2025 மே 4

கமராப் பற்றரி பற்றி ஒண்டும் எழுதேல்லை எண்டு ஒரு முறைப்பாடு. எழுத அவ்வளவு இல்லை. கொம்பனிப் பற்றரி ரெண்டு, மலிவு நகல் ஒண்டு எண்டு வைச்சிருந்தன். நகலை நிறைச்சபடி பையில போட்டு, பையை மோட்டச்சைக்கிள் ராங்கில வைச்சுக்கொண்டு இந்தச் சித்திரை வெயிலில திரிஞ்சன். ஊதிப்போய், கமராக் குழிக்குள்ள இறுகி, கழட்ட அரைமணித்தியாலம். ஆணியாலயோ கத்தியாலயோ கிண்டாதையுங்கோ. குத்துப்பட்டா தீப்பிடிக்கும். கவிட்டுப் பிடிச்சு, பொறுமையா, விரலால.

நிறைச்சபடி சூட்டில வைக்கிறதுதான் லித்தியத்துக்குப் பெரிய வருத்தம். வேலை இல்லாத மாசத்தில பாதியில வைக்கவும். வெளிநாட்டால ஆரும் கொண்டாறதெண்டா உபரிப் பற்றரி கைப்பையிலதான், முனைக்கு ரேப் ஒட்டி. பெரிய சூட்கேசில போட்டா எயார்போட்டில பேர் சொல்லிக் கூப்பிடுவினம், மச்சானைக் கூப்பிட்டவை.

2025 ஓகஸ்ட் 3

நல்லூர்த் திருவிழா தொடங்கீட்டுது. நேற்றுப் பின்னேரம் வெளிவீதியில அந்த மானிப்பாய்த் தம்பியை நேரில கண்டன். அவர் அந்த 3800ஐ வாங்கித்தான் இருந்தவராம், நான் எழுத முந்தியே. கேள்வி கேட்டது, நான் ஓம் எண்டு சொல்லுவன் எண்ட நம்பிக்கையிலயாம். நகைக்கடைத் தராசில நிறுத்தும் பாத்திருக்கிறார்: 17 கிராம். நகைக்கடைக்காரர் "தம்பி, இது கவரிங்" எண்டாராம்.

இப்ப எட்டு வெள்ளை எனலூப்பும் தனிக்குழிச் சார்ஜரும் வைச்சிருக்கிறார். செற்றுக்கு க, ங எண்டு பேர். வீட்டில எழுதப் படிக்கத் தெரிஞ்ச சின்னப் பிள்ளையள் இருக்கோ எண்டு கேட்டன். தங்கச்சி ஒண்டு, நாலாம் வகுப்பு எண்டார்.

2025 ஓகஸ்ட் 24

கனபேர் கேட்டதால: கள்ள அ3இன்ர மணிக்கூடு இன்னும் ஓடுது. நேற்றுப் பாத்தன், ரெண்டு நிமிசம் முந்தி நிக்குது. அது பற்றரியால இல்லை, அம்மா கோயிலுக்குப் பிந்தாமல் இருக்க முந்தி வைச்சது.